வேகத்திற்குக் கூலி கொடுத்துவிட்டு, நிதானத்திற்குப் பரிசா?

தோழரே!

செட்டிநாட்டுச் சீமையிலே, காரைக்குடிக்கு அருகிலே, ஆத்தங்குடி என்றோர் ஊர் உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் பெருமாளிகைகளில் தரை எங்கும் பூத்துக் கிடக்கிறதே வண்ணக் கல், அந்தக் கல்லைப் பெற்றெடுத்த ஊர் அது. அந்தக் கல் எப்படிப் பிறக்கிறது என்பதை நீர் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். கண்ணாடித் தகட்டின்மீது அச்சை வைக்கிறார்கள். அச்சின் அறைகளில் வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொன்றாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டு அமுக்குகிறார்கள். பிறகு நீர்த்தொட்டியிலே ஊறப் போடுகிறார்கள். சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை. நீரும் நாளும் சேர்ந்துதான் அந்தக் கல்லை இறுகச் செய்கின்றன. இரட்டிப்புக் கூலி தருகிறேன், இன்று மாலைக்குள் கல் இறுகட்டும் என்று எந்தச் சீமான் வந்து சொன்னாலும் அது இறுகாது. அவசரம் அங்கே செல்லாக் காசு.

ஆனால் அதே கல்லை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்படுகிறதே லாரி, அதன் கதை வேறு. அங்கே அவசரத்திற்கு விலை உண்டு. ஒரு நடைக்கு இவ்வளவு என்று ஓட்டுநருக்குப் பேட்டா பேசப்படுகிற இடங்களில், நடை கூடினால் அடுப்பிலே உலை கொதிக்கும். நடை குறைந்தால் உலை காயும். சாலையோரத்திலே வேக எல்லை எழுதிய பலகை நிற்கிறது. அந்தப் பலகையைப் பார்ப்பதா, பிள்ளைகளின் பசியைப் பார்ப்பதா? ஓட்டுநர் எதைப் பார்ப்பார் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?

இந்தப் பீடிகை எதற்கு என்று கேட்பீர். வேக எல்லையை மீறுவோருக்குத் தண்டம் விதித்துப் பயனில்லை, மீறாதவர்களுக்குப் பரிசு கொடுத்துப் பார்க்கலாமே என்றொரு யோசனை படித்தவர் பலரிடையே உலவுகிறது. கேட்பதற்கு இனிமையான யோசனை. அதைத் தட்டிக் கழிக்க நான் வரவில்லை. தராசிலே வைத்து நிறுத்துப் பார்க்கவே வந்திருக்கிறேன்.

முதலில் நோயின் அளவைப் பாரும். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளிலே 4,61,312 விபத்துக்கள். மாண்டவர் 1,68,491 பேர். நம் தமிழ்நாட்டில் அதே ஆண்டு 64,105 விபத்துக்கள், இந்திய மாநிலங்களிலேயே மிகுதியான எண்ணிக்கை. மாண்டவர் 17,884 பேர். இது ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே அச்சிட்டு வெளியிட்ட கணக்கு. மாண்டவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோரின் சாவுக்கு அதே கணக்கு காட்டுகிற காரணம், அளவு மீறிய வேகம். ஒரு போரிலே இத்தனை பேர் மாண்டால் நாடே துயரக்கோலம் பூணும். சாலையிலே மாண்டால் செய்தித்தாளின் ஒரு மூலையோடு முடிந்து போகிறது.

இனி, பரிசு யோசனையின் பிறப்பைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டு சுவீடன் நாட்டின் தலைநகராம் ஸ்டாக்ஹோமிலே ஒரு சோதனை நடத்தினார்கள். கெவின் ரிச்சர்ட்சன் என்னும் அமெரிக்கர் சொன்ன யோசனை அது. வோக்ஸ்வாகன் கார் நிறுவனம் நடத்திய போட்டி ஒன்றிலே தேர்வு பெற்றது. வேகத்தை அளக்கும் புகைப்படக் கருவியைச் சாலையிலே நிறுத்தினார்கள். எல்லை மீறியவருக்குத் தண்டம். மீறாது சென்றவரின் வண்டி எண்ணோ குலுக்கலுக்குப் போயிற்று. தண்டப் பணத்திலிருந்து அவருக்குப் பரிசு! அதற்கு முன் மணிக்கு 32 கிலோமீட்டராக இருந்த சராசரி வேகம் 25ஆகக் குறைந்தது என்று அறிவித்தார்கள். உலகெங்கும் கைதட்டல் எழுந்தது.

கைதட்டலாம், தோழரே, தவறில்லை. ஆனால் தட்டிய கையை ஒரு நொடி நிறுத்திவிட்டு எண்ணிப் பாரும். அந்தச் சோதனை நடந்தது சில நாட்கள், ஒரு தெருவில். திருவிழாக் கடைத்தெருவிலே மூன்று நாள் நடக்கும் வியாபாரத்தைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் கணக்கெழுத முடியுமா? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்தத் தெருவிலே கார் ஓட்டிச் சென்றவர், வேகமாகச் செல்வதால் பெறக்கூடியது என்ன? ஒரு நிமிடம், இரு நிமிடம். இழப்பு அற்பம், எனவே அற்பப் பரிசும் அவரை இழுத்து நிறுத்தியது.

நம் ஓட்டுநரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபது கிலோமீட்டர்த் தொலைவுக்குப் போய்த் திரும்பும் லாரி என்று வைத்துக்கொள்ளும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்வர 40 நிமிடம். 80 வேகத்தில் 30 நிமிடம். ஏற்றி இறக்கும் நேரம் ஒருபுறம் இருக்கட்டும். ஓட்டும் நேரம் நான்கு மணி என்றால், 60 வேகத்தில் ஆறு நடை. 80 வேகத்தில் எட்டு நடை. இரண்டு நடைக்கான பேட்டா நாள்தோறும் கையிலே விழுகிறது. என்றோ ஒரு நாள் குலுக்கலிலே தன் எண் விழும் என்பதற்காக, இன்றைய இரண்டு நடையை அவர் விட்டுவிடுவாரா? வயிறு குலுக்கலுக்காகக் காத்திருக்குமா?

எட்டு நடை ஓடியவரின் கையில் இரண்டு பேட்டா கூடியது உண்மை. அதே நேரத்தில் கூடிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், மோதும் ஆற்றல் முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று உயர்ந்தாலே உயிர்ப்பலி விபத்தின் அபாயம் நூற்றுக்கு நான்கு உயர்கிறது என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அந்த அபாயத்தைச் சுமப்பவர்கள் யார்? பள்ளிவிட்டுச் சாலையைக் கடக்கும் சிறுமி, மிதிவண்டியில் வரும் கொத்தனார், ஓட்டுநர் இருக்கையிலே உட்கார்ந்திருக்கும் அந்தத் தொழிலாளி. நடை கூடியதால் பெருகிய வருவாயின் பெரும் பங்கு போய்ச் சேர்ந்ததோ வண்டி உரிமையாளரின் பெட்டிக்கு!

லாரிக்கு நடை என்றால், பேருந்துக்கு வசூல். தனியார் பேருந்துகள் பலவற்றிலே வசூலைப் பொறுத்தே ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் படி. முன்னே போகும் வண்டியை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்திலே காத்திருக்கும் கூட்டம் நம் வண்டியில் ஏறும். முந்தாவிட்டால் காலி இருக்கை. நகரத்திலே பை சுமந்து இருசக்கர வண்டியில் பறக்கிறானே உணவு கொண்டுவரும் இளைஞன், அவனுக்கும் இதே விதி. ஒரு பொட்டலத்திற்கு இவ்வளவு கூலி, இத்தனை பொட்டலம் முடித்தால் ஊக்கத்தொகை!

கவனித்தீரா, தோழரே? ஊக்கத்தொகை ஏற்கெனவே இருக்கிறது! ஓட்டுநரை ஊக்கத்தொகையால் வழிக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறார்களே, முடியும் என்பது நாள்தோறும் மெய்ப்பிக்கப்பட்டு வருகிறது. என்ன, எதிர்த்திசையிலே! வேகத்திற்கு அன்றாடம் கூலி கொடுத்துவிட்டு, நிதானத்திற்கு ஆண்டுக்கொரு முறை பரிசு என்றால், எது வெல்லும்?

தண்டத்தின் கதையும் இதுதான். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வேக எல்லை மீறலுக்கு இலகு வாகனமானால் 1,000 ரூபாய் முதல் 2,000 வரை. கனரக வாகனமானால் 2,000 முதல் 4,000 வரை. மீண்டும் மீறினால் ஓட்டுநரின் உரிமமே கைப்பற்றப்படும். அதாவது, வேகத்தால் கிடைத்த ஆதாயம் உரிமையாளருக்கு, பறிபோகும் பிழைப்பு ஓட்டுநருக்கு. 2022 ஜூலையில் காப்புறுதி ஒழுங்காணையம் ஒரு புதிய வழியைத் திறந்துவிட்டது. வண்டி ஓட்டும் விதத்தைக் கருவியால் அளந்து, நன்றாக ஓட்டினால் கட்டணத்திலே சலுகை தரலாம் என்றது. நல்லதே. ஆனால் வாடகை வண்டியிலும் லாரியிலும் அந்தச் சலுகை யாருக்கு? கட்டணம் கட்டும் உரிமையாளருக்கு. நிதானமாக ஓட்டியவர் ஒருவர், சலுகை பெற்றவர் மற்றொருவர்!

அப்படியானால் சட்டத்திலே வழியே இல்லையா? இருக்கிறது. தூசி படிந்து கிடக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்திற்கு வரம்பு கட்டியது. அதைவிட முதன்மையானது மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவு. தன்னிடம் வேலை செய்பவரை எல்லை மீறி ஓட்ட வைப்பவரும் குற்றவாளியே என்கிறது அது. மேலும் சொல்கிறது: வேக எல்லையை மீறாமல் குறித்த நேரத்திலே போய்ச் சேர இயலாதபடி ஒருவர் கால அட்டவணை வெளியிட்டாலோ, கட்டளை இட்டாலோ, அந்த அட்டவணையே, அந்தக் கட்டளையே, அவர்மீது குற்றத்திற்கான முதல்நிலைச் சான்றாகும். எத்துணைக் கூர்மையான வாள் பாரும்! உறையிலேயே வைத்துக்கொண்டு, சாலையோரத்தில் நின்று ஓட்டுநரை மட்டும் மடக்கிக்கொண்டிருக்கிறோம்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோர் ஆஸ்திரேலியாவைப் பார்க்கட்டும். குறைந்த கூலியும் நெருக்கும் கெடுவும் லாரி ஓட்டுநரைச் சாவுக்குத் துரத்துகின்றன என்று தொழிலாளர் சங்கம் ஆண்டுக்கணக்கில் போராடிற்று. 2012இல், சாலைப் பாதுகாப்பைக் கருதிக் கூலியை நிர்ணயிக்க அங்கே தனித் தீர்ப்பாயமே அமைந்தது. 2016இல் அதைக் கலைத்தார்கள். சொந்த லாரி வைத்து ஓட்டும் சிறியோர் பலர், இந்தக் கூலியைக் கேட்டால் எங்களுக்கு வேலை கிடைக்காது என்று அஞ்சிக் குரல் எழுப்பியதும் அதற்குக் காரணம். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. போராட்டம் ஓயவில்லை, 2024இல் இயற்றிய சட்டம், சாலைப் போக்குவரத்துக்குக் குறைந்தபட்ச நெறிகள் வகுக்கும் அதிகாரத்தை அந்நாட்டுத் தொழில் ஆணையத்திடம் அளித்தது. கூலிக்கும் வேகத்திற்கும் உள்ள முடிச்சை ஒரு நாட்டின் நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டது என்பதே நமக்குப் பாடம்.

ஒரு மறுப்பு எழும். அதை மறைக்க மாட்டேன். பேட்டாவும் இல்லை, படியும் இல்லை. சொந்த மோட்டார் சைக்கிளிலே சீறிப் பாயும் இளைஞனுக்கு என்ன சொல்கிறீர் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022இல் சாலையிலே மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவர்கள் எல்லோரும் கூலிக்காகப் பறந்தவர்கள் அல்லர். பரிசு யோசனைக்குச் சிறிது இடம் உண்டென்றால் அது இங்கேதான். பரிசையும் கொடுத்துப் பார்க்கட்டும். ஆனால் பரிசைவிட உறுதியானது, மீறினால் அகப்படுவோம் என்னும் திண்ணம். அதைவிட உறுதியானது, ஊர் எல்லையிலே வேகத்தடையும் குறுகிய வழியுமாக, விரைய நினைத்தாலும் விரைய முடியாதபடி அமைந்த சாலை.

பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவரின் நிலை வேறு. அங்கே வரிசை மாறக்கூடாது. முதலில் வேகத்திற்குக் கொடுக்கும் கூலியை நிறுத்து. நடைக்கும் வசூலுக்கும் கட்டுப்படாத மாதச் சம்பளம் கொடு. பிறகு நிதானத்திற்குப் பரிசு கொடு. அதையும் உரிமையாளரிடம் அல்ல, ஓட்டுநரின் கையிலே கொடு. கருவிக்குப் பஞ்சமில்லை. 2019 ஜனவரி முதல் பதிவான பேருந்து, வாடகைக் கார் முதலிய பயணி வண்டிகளிலே, வண்டி எங்கே செல்கிறது என்று காட்டும் கருவி வேண்டும் என்பது விதி. வேகத்தை அறிய வழி இருக்கிறது; அறிந்து கேட்க மனந்தான் வேண்டும்.

இதிலே நமக்கு வேலை உண்டு, தோழரே! தீர்மானம் போட்டுவிட்டுக் கலைவதல்ல அந்த வேலை. உம் ஊர்ப் பேருந்து நிலையத்திற்குச் செல்லும். கால அட்டவணையை எழுதிக்கொள்ளும். ஊருக்கு ஊர் தொலைவைக் குறித்துக்கொள்ளும். நிறுத்தங்களில் நிற்கும் நேரத்தைக் கழித்து, எல்லைக்குள் ஓட்டி அந்த நேரத்திலே போய்ச் சேர முடியுமா என்று கணக்கிடும். முடியாதென்று கண்டால், ஓட்டுநர் சங்கத் தோழர்களையும் உடன் அழைத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலே மனுவாகக் கொடும்; 183ஆம் பிரிவை மனுவிலே எழுதும். ஓட்டுநரின் பெயர் அந்த மனுவிலே வேண்டாம். அவர் பிழைப்பைக் கெடுப்பது நம் நோக்கமல்ல.

விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. போற்றத்தக்க காரியம். ஆனால் வேகத்தின் ஆதாயம் தனியார் பெட்டிக்கும், வேகத்தின் செலவு மக்கள் கருவூலத்திற்கும் என்று எத்தனை நாள் போவது?

ஆத்தங்குடியிலே ஊறும் கல், தனக்கு வேண்டிய நாட்களை எடுத்துக்கொள்கிறது. யாரும் அதைக் கடிந்துகொள்வதில்லை. அந்தக் கல்லை ஏற்றிச் செல்லும் மனிதனுக்கும் அவனுக்கு வேண்டிய நேரத்தைக் கொடுப்போம். அதற்கான கூலியையும் கொடுப்போம். அதற்குப் பின்னும் எல்லை மீறுவானாகில், அப்போது அவனிடம் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.