வண்டிப் பைத்தியம் பிடித்த பிள்ளையோடு வடசென்னைக்கு

விடுமுறைக்குச் சென்னை செல்லத் திட்டமிடும்போது நம் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் எழுதப்படுகிறது: மெரினா, வண்டலூர் உயிரியல் பூங்கா, தி. நகரில் துணிக்கடை, இரவில் பிரியாணி. ரயில், பேருந்து, கப்பல் என்றால் உறக்கத்தையும் மறக்கும் பிள்ளை வீட்டில் இருந்தாலும் அந்தப் பட்டியல் மாறுவதில்லை. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் அவனுக்குப் போதும் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். (பெண்பிள்ளைகளுக்கும் இந்த ஆசை உண்டு, நாம்தான் கேட்பதில்லை.) வடசென்னை நம் நினைவுக்கே வருவதில்லை. அங்கே தூசியும் லாரியும்தானே என்கிறோம். அந்தப் பிள்ளை தேடுவதே அந்த லாரியைத்தான்.

பயணத்தில் ஒரு நாளை முழுமையாக அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது நம் கருத்து. வழியை அவன் வகுக்கட்டும். ரயில் கால அட்டவணை அவன் கையில் இருக்கட்டும். இதை வயது ஏறினால் தீர்ந்துபோகும் விளையாட்டாகக் கருதுவோர் நம்மிடையே பலர். வாகனத்தில் ஏறியதும், அதை நமக்கு வசப்படுத்தித் தந்த இறைவனைத் துதிக்கும் துஆவைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகிறோம். வசப்படுத்தப்பட்ட அந்தப் பொருளை உற்றுப் பார்க்க மட்டும் அவர்களுக்கு நேரம் தருவதில்லை. நம் கடற்கரை ஊர்களில் 'சபர்' என்னும் சொல் கடல் கடந்த பிழைப்புக்கே பெயராகிவிட்டது. 1926ல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற பாட்டனார்கள் நம் வீடுகள் பலவற்றில் உண்டு. கப்பலைக் கண்டு துள்ளும் பிள்ளை நமக்கு அந்நியன் அல்லன்.

தொடங்க வேண்டிய இடம் ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. வாலாஜா என்பது ஆற்காடு நவாப் முஹம்மது அலியின் பட்டப்பெயர். கர்நாடகத்தின் கடைசி நவாப் குலாம் கவுஸ் கான் 1855 அக்டோபரில் மறைந்தார். வாரிசு இல்லையென்று கூறி ஆங்கிலேயர் அந்தப் பட்டத்தையே ஒழித்தனர். ஓராண்டு நிறைவதற்குள், நவாபின் பெயர் தாங்கிய ஊருக்கு அவர்களுடைய ரயில் ஓடியது. தூண்களோடு நிற்கும் அந்தப் பழைய கட்டடம், இந்தியாவில் எஞ்சியுள்ள நிலையக் கட்டடங்களில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் கிளம்ப முடிந்தவர்கள், அருகிலுள்ள காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளைப் பார்த்துவிட்டு ராயபுரம் வரலாம். ஞாயிறு வேண்டாம், கூட்டத்தில் பிள்ளை கைநழுவும். சென்னைத் துறைமுகத்துக்குள் அனுமதிச் சீட்டின்றி நுழைய முடியாது என்பதையும் வீட்டிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாசல் வரை வந்து ஏமாறும் பிள்ளையைத் தேற்றுவது எளிதன்று.

அடுத்து மெட்ரோ. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான நீட்டிப்பு 2021 பிப்ரவரி 14 அன்று திறக்கப்பட்டது. தண்டையார்பேட்டை வரை நிலத்தடியில் ஓடும் வண்டி, அதைத் தாண்டியதும் மேலேறி வெளிச்சத்துக்கு வருகிறது. அந்தச் சில நொடிகளுக்காகவே இரண்டு முறை பயணச்சீட்டு எடுக்கச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. எடுத்துக் கொடுப்போம், குறைந்த செலவுதான்.

இதற்கிடையே லுஹர் வந்துவிடும். வெளியூரிலிருந்து வந்தோருக்குச் சுருக்கித் தொழும் சலுகை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம்; ஹனஃபிகள் அந்தந்த நேரத்தில் தொழுவர். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் இரு சாராரும் முழுமையாகவே தொழ வேண்டும். ஆண்களுக்கு இதில் சிரமமில்லை. உம்மாவும் மகளும் எங்கே தொழுவது? பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசல் எது என்று தெருத்தெருவாக விசாரிப்பதும், இறுதியில் அவர்கள் தங்குமிடம் திரும்பிக் களாச் செய்வதும் நாம் அறியாதவை அல்ல. ரயில் நேரங்களையெல்லாம் குறித்துவைக்கும் வாப்பா, முந்தின நாளே இரண்டு பள்ளிவாசல்களுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கலாம். பெண்களுக்கு இடம் உண்டு என்று ஜமாஅத்துகள் வாசலில் ஒரு பலகை வைத்தால் அதற்கும் தேவையிராது. உளூச் செய்ய ஒரு குழாய், மறைப்புக்கு ஒரு திரை, இவ்வளவுக்கும் இடமில்லை என்று சொல்லும் நிர்வாகங்கள் தங்கள் மாடியை ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும்.

விம்கோ நகர் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறினால், எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தின் மேல் ரயில் பாலம் வரும். அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில்கள். பிள்ளைக்கு அந்நாளின் உச்சம் இதுவே. பெற்றோர் பலர் இங்கே வியந்துவிட்டு நிறுத்திக்கொள்வர். நிறுத்தக் கூடாது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இந்தக் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் ஒட்டியது. மீனவர்கள் வாளிகளில் அதை அள்ளினார்கள். சிறுபிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பது நம் சோம்பலே. எஞ்சினுக்கு டீசல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் பிள்ளைக்கு, அது சிந்தினால் யார் அள்ளுகிறார்கள் என்பதும் புரியும். காலையில் காசிமேட்டில் கண்ட படகுகளைப் போன்றவைதாம் இங்கேயும் என்று சொன்னால் போதும்.

அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, சென்ட்ரலுக்குத் திரும்பும் வண்டிக்குக் காத்திருக்கும் நேரம் இதைப் பேச ஏற்றது. அதே பாலம் மறுபடி வரும்போது, புகைபோக்கிகளை விட்டுவிட்டுக் கீழே தண்ணீரைப் பார்க்கச் சொல்வோம்.