தண்ணீருக்கு வழி விட்டால் சக்கரம் சிக்காது



தீபாவளிப் பலகாரத்துக்கு மாவு இடிக்கும் மாதங்களில் நம் வட்டாரத்து வானம் எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மாலையில் இருட்டிக் கொண்டு வந்து கொட்டித் தீர்த்துவிடும். மேற்குக் கரையைச் சேர்ந்த நம் நெகிரி செம்பிலானுக்கு ஆண்டில் இரண்டு முறை கனமழை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொன்று. சுங்கை காடுட், ரந்தாவ், லிங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் அந்த நாள்களில் தோட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "லோரி மாட்டிக்கிச்சு, ஆள் கூப்பிடு" என்பதுதான்.

சேற்றில் வண்டி புதைவது ஆண்களின் வேலை விவகாரம். குடும்பப் பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று தாய்மார்கள் சிலர் கேட்கக் கூடும். இடம் உண்டு. மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கப் போகிறவர் உங்கள் கணவராகவோ, அண்ணனாகவோ, இப்போதுதான் பள்ளியை விட்டு வேலையில் சேர்ந்த மகனாகவோ இருக்கலாம். சேறு சட்டையைத்தான் கெடுக்கும். இழுக்கும் சங்கிலியோ ஆளையே கொண்டுபோய்விடும். ஆகவே இந்த இதழில் இதைப் பற்றி நாம் சற்று விரிவாகப் பேசுவோம்.

முன்பு நம் பெற்றோர் ரப்பர் மரம் வெட்டிய காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பால் வாளியைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்தார்கள். வண்டி சடக்கோரத்தில் காத்திருந்தது. பிறகு பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இன்று சுங்கை காடுட் பக்கத்தில் தோட்டமாக இருந்த நிலத்தில் பெரும்பகுதி வீடமைப்புப் பகுதியாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டது. மிஞ்சியுள்ள இடங்களில் நிற்பது பெரும்பாலும் செம்பனைதான். முற்றிய மரத்தின் குலை ஒன்று 15 முதல் 25 கிலோ வரை கனக்கும். அதைத் தோளில் எத்தனை தூரம் சுமக்க முடியும்? வண்டிதான் உள்ளே வரவேண்டும்.

அதிலும் ஓர் அவசரம் இருக்கிறது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்ப்பது நல்லது. அடிபட்ட பழத்துக்குள் ஒரு புளிப்பு வேலை தொடங்கி, எண்ணெயில் அமிலம் ஏறிவிடுகிறது. அமிலம் ஏறினால் தரம் குறையும், விலையும் குறையும். இதனால்தான் மழையில் கூட "எப்படியாவது ஏற்றிவிடு" என்று சொல்கிறார்கள். அந்த "எப்படியாவது" என்ற ஒரு சொல்லில்தான் பெரும்பாலான விபத்துகள் பிறக்கின்றன.

மண் ஏன் வண்டியை விழுங்குகிறது? மண்ணின் துகள்கள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக் கொள்வதால்தான் அது பாரத்தைத் தாங்குகிறது. அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால், சக்கரத்தின் பாரத்தைத் துகள்களுக்குப் பதிலாகத் தண்ணீர் தாங்க வேண்டி வருகிறது. தண்ணீர் எதைத்தான் தாங்கும்? துகள்கள் நழுவுகின்றன; சக்கரம் இறங்குகிறது. மணலும் சரளையும் கலந்த மண்ணில் தண்ணீர் சீக்கிரம் வடியும். களிமண்ணில் துகள்கள் மிக நுண்ணியவை என்பதால் உள்ளே போன நீர் எளிதில் வெளியே வராது. மேட்டுச் சடக்கு ஒரே வெயிலில் காய்ந்துவிட, பள்ளத்துச் சடக்கு வாரக் கணக்கில் குழம்பாகவே கிடப்பது இதனால்தான்.

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். வகுப்பில் நான் செய்து காட்டுவதுண்டு. இரண்டு தட்டுகளில் ஒரே மண்ணைப் பரப்புங்கள். ஒன்றில் நடுவைப் பள்ளமாக்குங்கள். மற்றதில் நடுவை மேடாக்கி இரு ஓரங்களிலும் விரலால் வாய்க்கால் கீறி, அந்த ஓரங்களில் தட்டில் துளை போட்டு விடுங்கள். இரண்டிலும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்து, கல் நிரப்பிய பொம்மை லோரியை ஓட்டுங்கள். முதல் தட்டில் சக்கரம் புதையும், இரண்டாவதில் ஓடும். மண்ணும் ஒன்று, மழையும் ஒன்று, லோரியும் ஒன்று. தண்ணீருக்கு வழி இருந்ததா இல்லையா என்பது ஒன்றே வேறுபாடு.

ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்கடம் என்பவர் சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் சாலை போடுவதில் புகழ் பெற்றதும் இந்த உண்மையைப் பிடித்துக் கொண்டுதான். பாரத்தைத் தாங்குவது அடியில் இருக்கும் மண். அந்த மண்ணை உலர்வாக வைத்திருப்பதே மேலே போடும் கல்லின் வேலை என்பது அவருடைய கொள்கை. சாலையைத் தரையை விடச் சற்று உயர்த்தி, நடுவை மேடாக்கி, ஓரத்தில் வாய்க்கால் வெட்டச் சொன்னார். சுங்கை காடுட் ரயில் நிலையத்தில் நிற்கும்போது தண்டவாளத்தைக் கவனித்துப் பாருங்கள். அடியில் குவித்திருக்கும் கருங்கல் ஜல்லி பாரத்தைப் பரப்புவதோடு மழைநீரையும் நிற்க விடாமல் வடித்துவிடுகிறது.

வடிகால் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் உலகப் போரிலேயே ஒரு சான்று உண்டு. 1917-ஆம் ஆண்டு ஜூலை இறுதியிலிருந்து நவம்பர் வரை பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகருக்கு அருகே பெரும் போர் நடந்தது. அங்கே தரை களிமண். விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வெட்டி வைத்த வாய்க்கால்கள்தாம் அந்த நிலத்தை உலர வைத்திருந்தன. பீரங்கிக் குண்டுகள் அவற்றைச் சிதைத்துவிட்டன. ஆகஸ்டில் பெருமழையும் பிடித்துக் கொண்டது. டாங்கிகள் அசைய முடியாமல் நின்றன. குதிரைகளும் மனிதர்களும் கூடச் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். வாய்க்கால் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக் கொள்ளுங்கள்.

அதே 1917-ல்தான் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் நம் நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டது. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! நம் தமிழ்ப் பெயர்தான். நட்டவர் ஹென்றி பொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். செம்பனை பரவப் பரவ, கனத்த குலைகளை ஈர நிலத்திலிருந்து வெளியே கொண்டு வருவது எப்படி என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. பேராக்கில் தெலுக் இந்தான் வட்டாரத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் தோட்டங்கள் சிறு ரயில் தண்டவாளம் போட்டுக் குலைகளைக் கொண்டு போகின்றன. வேறு சில இடங்களில் எருமை வண்டி பயன்பட்டது. மென்மையான மண்ணோடு மல்லுக்கு நிற்காமல், அதற்கேற்ற வழியைத் தேடிக் கொண்டார்கள்.

நம் பக்கத்துத் தோட்டங்களில் ரயில் இல்லை, மண்சடக்குதான். அதற்கு என்ன செய்யலாம்?

மழைக்காலம் தொடங்குமுன் வாய்க்காலில் அடைத்துக் கிடக்கும் மட்டையையும் மண்ணையும் வாரிவிட வேண்டும். சடக்குக்கு அடியில் போகும் குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சடக்கின் நடுவில் தண்ணீர் தேங்கினால், மண்வெட்டியால் ஓரத்துக்கு ஒரு கோடு வெட்டி விட்டாலே பாதித் தொல்லை தீரும். சடக்கின் மேல் கவிந்து நிற்கும் மட்டைகளைக் கழித்துவிட்டால் வெயில் விழும். வெயிலைப் போல் சேற்றுக்கு வைத்தியன் வேறு யாருமில்லை. பள்ளங்களில் வெறும் மண்ணைக் கொட்டாமல் சரளையைக் கொட்டி இறுக்க வேண்டும். இவை நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் அன்றாடம் அந்த வழியில் போகிறவர்களின் கண்ணில்தான் அடைப்பு முதலில் படும். காலைப் பிரட்டில் மண்டோரிடம் சொல்லிவிடுங்கள். சொன்னதை நாளோடு எழுதியும் வையுங்கள்.

வண்டி ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்குச் சில வார்த்தைகள். சந்தேகமான இடத்தைக் கண்டால் இறங்கி நடந்து பாருங்கள். ஒரு கம்பை ஊன்றினால் ஆழம் தெரிந்துவிடும். போவதென்று முடிவு செய்தால் சேற்றுக்கு முன்பே சின்ன கியர் போட்டு, ஒரே சீராகப் போங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம். டிராக்டரில் இரு பின்சக்கரங்களையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் பூட்டு இருந்தால், சக்கரம் வழுக்குமுன் அதைப் போடுங்கள். திரும்புவதற்கு முன் மறவாமல் எடுத்துவிடுங்கள். பாரத்தையும் பாருங்கள். அளவு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததைப் பள்ளியில் படித்திருக்கிறோம். இங்கே நாம் ஏற்றுவது மயிலிறகு அல்லவே! ஈரச் சடக்கில் இரண்டு நடையாகக் கொண்டு போவது, ஒரு நடையில் புதைந்து நிற்பதைவிட விரைவாகவே முடியும்.

சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். மேலும் மேலும் மிதித்தால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக் கொள்ளும். இறங்கி, சக்கரத்துக்கு முன்னால் சரிவாக மண்ணை வெட்டி, மட்டையோ பலகையோ கொடுங்கள். பின்வண்டியைக் கழற்றிவிட்டு, டிராக்டரை மட்டும் முதலில் வெளியே கொண்டு வரப் பாருங்கள். முடியாவிட்டால் பாரத்தை இறக்குங்கள். அப்போது சக்கரத்துக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. பலகை அம்பு போலப் பறந்து வரும்.

இனி நான் சொல்வதைத் தாய்மார்களும் கவனமாகப் படிக்க வேண்டும். வீட்டில் உரக்கப் படித்துக் காட்டவும் வேண்டும்.

இழுக்கும் சங்கிலியோ கம்பிக் கயிறோ அறுந்தால், இறுகி நின்ற அத்தனை விசையும் ஒரு நொடியில் சவுக்காக மாறும். நைலான் கயிறு நீண்டு கொடுப்பதால் இன்னும் மோசம். முனையில் கட்டிய கொக்கி துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். ஆகவே சங்கிலியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு அப்பால் எல்லாரும் விலகி நிற்க வேண்டும். சங்கிலியைத் தாண்டுவதோ, அதன் மேல் கால் வைப்பதோ கூடவே கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது ஆபத்து டிராக்டர் பின்பக்கமாகக் கவிழ்வது. சங்கிலியை இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். அதைவிட உயரத்தில், அச்சிலோ இருக்கைக்கு அடியிலோ மாட்டினால், இழுக்கும்போது முன்சக்கரங்கள் மேலே எழும்பும். ஓட்டுநர் என்னவென்று உணர்ந்து காலை எடுப்பதற்குள் வண்டி அவர் மேலேயே விழுந்துவிடும். புதைந்த பின்சக்கரத்தில் மரக்கட்டையைச் சங்கிலி போட்டுக் கட்டி மிதிப்பதும் இதே முடிவைத்தான் தரும். சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்று விதித்தது. அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர் தொகை பெரிதும் குறைந்தது. உங்கள் டிராக்டரில் அந்தச் சட்டம் இருந்தால், இடைஞ்சல் என்று கழற்றி வைக்காதீர்கள். இருக்கை வாரையும் போடுங்கள்.

"மண்டோர் நிற்கச் சொல்கிறார், நான் எப்படி விலகுவது?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று அச்சட்டம் சொல்கிறது. இது வேலைக்குப் பயந்து ஒதுங்குவதல்ல. மரியாதையாகச் சொல்லுங்கள்: "ஐயா, சங்கிலி தேய்ந்திருக்கிறது, எல்லாரும் தள்ளி நின்றபின் இழுக்கலாம்." இந்த ஒரு வாக்கியம் ஓர் உயிரைக் காக்கும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசி, இந்தோனேசியத் தோழர்களுக்கு மொழி புரியாமல் போகலாம். அவர்களையும் கைப்பிடித்து நகர்த்தி நிறுத்துங்கள். அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். காயம் பட்டால், சின்னதுதானே என்று விடாமல் அன்றே மருந்தகத்தில் காட்டிப் பதிவு செய்து, சொக்சோவுக்கும் தெரியப்படுத்தச் சொல்லுங்கள்.

ஆலை ஒரு நாள் பழத்தின் தரத்தை இழந்தால் அடுத்த வாரம் ஈடு செய்துகொள்ளும். ஒரு வீடு தன் தலைவனை இழந்தால் எதைக் கொண்டு ஈடு செய்யும்? ஆகவே மழைக்கு முன்பே வாய்க்காலைத் திறங்கள். சக்கரம் சுற்றினால் நிறுத்துங்கள். சங்கிலி இறுகினால் விலகுங்கள். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி, காலையில் தேநீர் குடிக்கும் இடத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். எழுதுகிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தன் மகள் கையால் எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகிற தகப்பன், சங்கிலி அருகே நிற்க மாட்டார்.