மடிக்கு ஏங்கும் பூனை... இரண்டு வாரம் பொறுங்கள்!

தட்டில் வைத்ததையெல்லாம் காலி செய்கிறது. ஆனாலும் நாளுக்கு நாள் இளைக்கிறது. ராத்திரியெல்லாம் கத்துகிறது. பத்து வயதைத் தாண்டிய பூனை இப்படி இருந்தால், கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது அளவுக்கு அதிகமாகச் சுரக்கும் தைராய்டைத்தான்.

அமெரிக்காவில் இதற்குப் பரவலாகத் தரப்படும் சிகிச்சை, கதிரியக்க அயோடின்-131. தோலுக்கு அடியில் ஒரே ஒரு ஊசி. மிகையாகச் சுரக்கும் செல்கள் அயோடினை இழுத்துக்கொண்டு அழிந்துவிடும். ஓய்ந்து கிடக்கும் நல்ல செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். சுமார் 95% பூனைகளுக்கு ஒரே ஊசியில் குணமாகிவிடுகிறது.

சில நாள்கள் மருத்துவமனையில் தனியாக இருந்துவிட்டு வீடு திரும்பும் பூனை, நேராக மடியைத்தான் தேடும். அங்கேதான் சங்கடம். அயோடின்-131-ன் வீரியம் பாதியாகக் குறைய 8 நாள்கள் ஆகும். அதனால் மருத்துவர் சொல்லும் காலம் வரை, வழக்கமாக இரண்டு வாரம், சில கட்டுப்பாடுகள் தேவை.

* தடவிக் கொடுக்கலாம், ஆனால் சிறிது நேரம்தான். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒரே படுக்கையில் தூங்கக் கூடாது.

* கர்ப்பிணிகளும் குழந்தைகளும் விலகியே இருக்க வேண்டும்.

* சிறுநீரிலும் மலத்திலும் கதிரியக்கம் வெளியேறும். லிட்டர் பாக்ஸைக் கையுறை அணிந்து சுத்தம் செய்ய வேண்டும். கழிவை உடனே குப்பையில் போடலாமா, மூடிவைத்துப் பிறகு போட வேண்டுமா என்பது அந்தந்த ஊர் விதியைப் பொறுத்தது. டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இரண்டு வாரம் முடிந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். உண்மையில் கவனம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். தைராய்டு அதிகமாக இருந்தவரை சிறுநீரகத்துக்கு ரத்தம் வேகமாகப் பாய்ந்துகொண்டிருக்கும். அது இயல்புக்கு வந்ததும், அதுவரை மறைந்திருந்த சிறுநீரகக் கோளாறு வெளியே தெரியலாம். ஊசிதான் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று கலங்க வேண்டாம். நோய் முன்பே இருந்திருக்கும். சில பூனைகளுக்குத் தைராய்டு தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்துக்கு இன்னும் சுமை, மாத்திரை தேவைப்படலாம்.

அதனால் 1, 3, 6-வது மாதங்களில் மருத்துவர் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைக்கலாம். இடையில் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழைத்துவிடுங்கள்.