சூரியன் பெற்ற பிள்ளைகள்

பொன்னேரியில் பள்ளிப் பிள்ளைகட்கு வரலாறு கற்பிப்பவன் நான். சென்ற வாரம் சோழர் பாடம். "சோழர் சூரிய குலத்தவர்" என்று கைக்குறிப்பு நூலில் கண்டதை ஒரு மாணவன் உரக்கப் படித்தான். பின்வரிசைச் சிறுமி எழுந்தாள். "ஐயா, சூரியனுக்குப் பிள்ளை பிறக்குமா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரசவைப் புலவர்கள் கேட்கத் துணியாத கேள்வியன்றோ அது!

எங்கள் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டு 31 செப்பேடுகள் கிடைத்தன. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு இராசேந்திர சோழன் அளித்த கொடையைக் கூறுவன அவை. வடமொழிப் பகுதி சூரியனில் தொடங்கி, மனு, இட்சுவாகு என்று படிப்படியாக இறங்கி, விசயாலயனிடம் வந்து நிற்கிறது. தமிழ்ப் பகுதியோ ஊரையும் எல்லையையும் வரியையும் பேசுகிறது. புனைந்துரை வானத்தில் மிதக்க, பொருளுரை மண்ணில் நடக்கும் காட்சியைக் காணீர்! விசயாலயன் யார்? ஒன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையை வென்று எழுந்த சிற்றரசன். வாளால் வென்ற வீரனுக்கு வானத்திலே பாட்டன் எதற்கு? மனுவைப் பாட்டனாக்கினால் மனுநீதியை மக்கள் தலையில் ஏற்றுவது எளிதாகுமே!

அந்தச் சோழர் சீனத்தோடும் உறவு கொண்டவர். இராசராசன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சொங் பேரரசனின் அவையை அடைந்தது. அங்கே அரியணை கைமாறிய கதை வேறு. மூவாயிரம் ஆண்டுகட்கு முன் ஷாங் மரபை வீழ்த்திய சௌ மரபினர், ஆட்சி என்பது வானத்தின் ஆணை, கொடுங்கோலனிடம் அது நில்லாது என்றனர். வென்றவன் தன் வெற்றிக்குக் கட்டிய கதைதான். ஆயினும் கதவு திறந்த கதை! ஹான் மரபைத் தோற்றுவித்த லியூ பாங் குடியானவர் வீட்டுப் பிள்ளை, ஊர்ச் சிற்றதிகாரி. பஞ்சத்திலும் நோயிலும் பெற்றோரை இழந்து, புத்த மடத்தில் சேர்ந்து, பிச்சையேற்றுத் திரிந்த சூ யுவான்சாங் 1368-இல் மிங் பேரரசைத் தொடங்கினான். அதனால் ஏழை வாழ்ந்தானா? இல்லை. அரியணை ஏறிய அந்த ஏழையே ஆயிரமாயிரம் பேரைக் கொன்று குவித்தான். 1912-இல் சிங் மரபின் கடைசிச் சிறுவன் முடி துறக்கும் வரை, உழுதவன் உழுதவனாகவே இருந்தான். ஆனால் ஆள்பவன் கதிரவன் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும் என்று அங்கே எவரும் விதிக்கவில்லை.

புளுகு அங்கும் முளைத்தது, மறைக்க மாட்டேன். சோழத் தூதர் கண்ட சென்சொங் மன்னனே 1008-இல் வானத்திலிருந்து மடல் வந்ததாக விழா எடுத்தான். 1012-இல் தன் குலத்துக்கு ஒரு தெய்வ முன்னோனையும் கண்டெடுத்தான். அப்போது என்ன நடந்தது? வானம் வாய் திறப்பதே இல்லை, அது மடல் எழுதுமா என்று சுன் ஷி என்ற அதிகாரி மன்னனிடமே கேட்டார்! 1022-இல் மன்னன் மாண்டான். அந்த மடல்களை அவனுடனேயே புதைத்துவிட்டார்கள்.

நாம் புதைக்கவில்லை. செப்பேட்டில் இருந்ததைக் கைக்குறிப்பு நூலில் ஏற்றி, இரண்டு மதிப்பெண்ணும் கொடுக்கிறோம்! என் வகுப்பில் அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொன்னேன்: "சோழர் தம்மைச் சூரிய குலத்தவர் எனக் கூறிக்கொண்டனர்." கேள்வி கேட்ட சிறுமிதான் கரும்பலகையில் எழுதினாள்.