அரக்கனுக்கும் உயிரியல் உண்டு

வீடியோ கேம் அரக்கனுக்கு உயிரியல் எதற்கு, கற்பனை போதாதா என்பவர்கள் உண்டு. போதாது. சிறுவயதில் பூச்சி சேகரித்த சதோஷி தஜிரி உருவாக்கி, 1996இல் வெளிவந்த போகிமானில், முதுகுக் காளான் ஆட்டிவைக்கும் பாராசெக்ட் என்ற அரக்கனை நாம் நம்புவதற்குக் காரணம், பூச்சிகளை ஆட்கொள்ளும் பூஞ்சைகள் நிஜத்திலேயே இருப்பதுதான். இலங்கை மலையகத்தின் இடைஉயரத் தேயிலைத் தோட்டங்களிலும் பூஞ்சையோடு பிணைந்து வாழும் ஓர் உயிர் இருக்கிறது. பெண் துளைவண்டு பென்சில் பருமனுள்ள கிளையைக் குடைந்து, வாயில் சுமந்துவந்த பூஞ்சையைச் சுரங்கச் சுவரில் பயிரிடுகிறது. புழுக்களுக்கு அதுவே உணவு. பறக்க இயலாத ஆண்கள் அங்கேயே சகோதரிகளோடு கூடுகின்றன. பெண்கள் பூஞ்சையைச் சுமந்து அடுத்த கிளைக்குப் பறக்கின்றன. துளைபட்ட கிளையோ கொழுந்து பறிக்கும்போதே முறிகிறது. பயிரை அழிக்கும் பூச்சியை வியக்கலாமா என்று கேட்டால், வியந்து கவனிப்பவரே அதன் வாழ்க்கை வட்டத்தை அறிவார். அறியாமல் அதைக் கட்டுப்படுத்த முடியாது. மலையகப் பிள்ளைகள் நாளை உருவாக்கும் அரக்கர்கள் இந்தத் தேயிலைத் தண்டிலிருந்தே பிறக்கட்டும்.