விலை போனவர் சரி, வாங்கியவர் யார்?

தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் பதவியை விட்டால் நம் ஊரில் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "ஆளு விலை போய்ட்டான்பா." முகநூலில் அதையே கொஞ்சம் செந்தமிழில் எழுதுவார்கள். விலை போனவர்களே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. வாங்கினது யார், எதைக் கொடுத்து வாங்கினான் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அதுதான் என் கடுப்பு.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று பெயர் பெற்றது. பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் அலைந்து திரிந்து ஆரம்பிக்க, பி.பி. வாடியா தலைவரானார். பம்பாய்ப் பார்சி, அன்னி பெசன்ட்டின் சகா. தமிழ் தெரியாத மனிதரை நம் ஆட்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 1920 கடைசியில் பக்கிங்காம் ஆலையில் தகராறு முற்றியது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 'வேலைக்குத் திரும்பாதே' என்று தொழிலாளியிடம் சொல்வது ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாம், அதற்கு நஷ்டஈடு வேண்டுமாம். தடையாணையும் கிடைத்தது. பிறகு சமரசம் பேசினார்கள். வழக்கு வாபஸ் ஆகவேண்டுமானால் வாடியா தொழிற்சங்கத்தை விட்டுப் போகவேண்டும். போனார்.

அந்த வழக்கின் சூட்டில்தான் 1926 தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னதற்காகத் தலைவர் மேல் அப்படி வழக்குப் போட முடியாதபடி பாதுகாப்பு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் முதலாளிக்கு வேறு வழியா இல்லை? இடமாற்றம் இருக்கிறது. உள்விசாரணை இருக்கிறது. சஸ்பென்ஷன் என்றால் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அப்புறம் முக்கால். பள்ளிக் கட்டணத்தைப் பாதியாகக் குறைப்பார்களா, வீட்டு வாடகையை? இதையெல்லாம் விட நயமான ஆயுதம் பதவி உயர்வு. மேற்பார்வையாளர் ஆக்கி, சம்பளத்தையும் ஒரு வரம்புக்கு மேல் ஏற்றிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளியே இல்லை. மாலை போட்டு அனுப்பிவைக்கிற மாதிரி.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சங்கச் செயலாளர். ஏழு மாதம் சஸ்பென்ஷன். ஒருநாள் கூப்பிட்டு, விசாரணையைக் கைவிடுகிறோம், சூப்பர்வைசர் ஆகிக்கொள் என்றார்கள். மகள் அப்போதுதான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கையெழுத்துப் போட்டார். நூறு வருஷம் கழித்தும் அதே பேரம், காகிதம்தான் வேறே. அன்று சாயங்காலமே சங்கத்தின் வாட்ஸப் குழுவிலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். துரோகி என்று ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அந்த ஏழு மாதத்தில் அவர் வீட்டுக்குப் போய், 'அரிசி இருக்கா, வாடகை கட்டியாச்சா' என்று கேட்டவர்கள் எத்தனை பேர் என்று அவர் மனைவியிடம் விசாரித்தேன். ரெண்டு பேர் என்றார். ரெண்டு பேருமே அந்தக் குழுவில் இல்லை.