இரைச்சல் இல்லாத கார்ட்டைக் கேட்டு வாங்குங்கள்



எமது மகளிர் குழுக் கூட்டங்களில் கடன், காணி உறுதி, பிள்ளைகளின் பரீட்சை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக இப்போது கொம்பியூட்டர் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கியுள்ளன. அதிலும் கேம் விளையாடும் கொம்பியூட்டர். "உயர்தரம் எழுதி முடித்த மகன் ஒன்று வேண்டுமென்று நிற்கிறான். கனடாவிலுள்ள தம்பி காசு அனுப்புவதாகச் சொல்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு அறைதான். பக்கத்து வீட்டுப் பையனின் கொம்பியூட்டர் தண்ணீர் மோட்டர் மாதிரி இரைகிறது. இரவிரவாக அந்தச் சத்தத்தோடு நான் எப்படிப் படுப்பது?" என்று ஒரு தாய் கேட்டார்.

சிலர் சிரித்தனர். இது சிரிக்கிற கேள்வி அல்ல என்பதே எனது அபிப்பிராயம். வானத்தில் கேட்கும் இரைச்சல் தூரத்திலா, தலைக்கு மேலா என்று கணித்துக் கணித்துப் பழகிய காதுகள் எங்களுடையவை. அந்த நாட்களில் கைக்குழந்தையாக இருந்த, அதற்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது; தெரியாமலிருப்பது நல்லதே. ஆனால் நடுச்சாமத்தில் திடீரென உறுமத் தொடங்கும் ஒரு இயந்திரம் வீட்டுக்குள் இருந்தால் நித்திரை குழம்பப்போவது அவர்களுக்கல்ல. அம்மாக்களுக்கும் அம்மம்மாக்களுக்கும்தான். விளையாடுகிறவன் காதில் ஹெட்போன் போட்டிருப்பான். அவனுக்குத் தன் கொம்பியூட்டரின் சத்தமே கேட்காது.

பிள்ளை கேம் விளையாடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் இங்கு போகவில்லை. வீடியோ வெட்டி ஒட்டவும், வீட்டுப் படங்கள் வரையவும் அதே இயந்திரம் உதவும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். வாங்குவது என்று தீர்மானித்துவிட்டால் எதைக் கேட்டு வாங்குவது என்பதே இம்மாதப் பக்கம்.

கேம் கொம்பியூட்டரில் அதிகம் இரைவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் பகுதிதான். திரையில் ஓடும் காட்சிகளை ஒவ்வொரு விநாடியும் பல தடவை வரைந்து தள்ளுவது அதன் வேலை. அந்த வேலைக்கு அது இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. பழைய 100 வோட்ஸ் குண்டு பல்ப்பைத் தொட்டால் கை சுட்டது நினைவிருக்கும். அவ்வளவு சூட்டை உள்ளங்கையிலும் சிறிய ஒரு சில்லிலிருந்து எடுத்து வெளியேற்ற வேண்டும். அதற்காக மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கி, மேலே சிறு மின்விசிறிகளைப் பூட்டியிருக்கிறார்கள். சூடு கூடினால் விசிறி வேகமாகச் சுற்றும். விசிறி வேகமாகச் சுற்றினால் சத்தம் கூடும். ஆகவே கடையில் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி "இது எத்தனை வோட்ஸ்?" என்பதே.

கார்ட் செய்யும் கம்பனிகளுக்கும் இந்தப் பாடம் இலகுவில் வந்துவிடவில்லை. 2003 இல் விற்பனைக்கு வந்த என்விடியாவின் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா என்ற கார்ட் இரைந்த இரைச்சலில், அதைத் தூசு உறிஞ்சும் இயந்திரத்தின் பெயரால் உலகமே கேலி செய்தது. அந்தக் கம்பனிக்காரரே தம்மைத் தாமே பகிடி பண்ணி ஒரு வீடியோ எடுத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2010 இல் வந்த அதே கம்பனியின் ஜிடிஎக்ஸ் 480 உம் 250 வோட்ஸ் இழுத்து, சூட்டுக்கும் சத்தத்துக்கும் பெயர்போனது. 2014 அளவில்தான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ வெறும் 60 வோட்ஸில் வேலை செய்தது. வேலை குறைந்த நேரத்தில் விசிறி முற்றாக நின்றுவிடும் வசதியும் அந்தக் காலத்தில்தான் பரவலாகியது.

இப்போதைய நடுத்தரக் கார்ட்களைப் பார்ப்போம். 2021 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 எடுப்பது 170 வோட்ஸ். 2023 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 அதைவிட வேகமானது. ஆனால் எடுப்பது 115 வோட்ஸ்தான். 2025 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 இற்கு 145 வோட்ஸ். ஏஎம்டி கம்பனியின் ஆர்எக்ஸ் 7600 இற்கு 165. 2025 இல் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி நினைவகம் உள்ளது, 160. இன்டெல்லின் ஆர்க் பி580 இற்கு 190. மிகப் பெரிய ஆர்டிஎக்ஸ் 4090 என்பது 450 வோட்ஸ். அதை ஓர் அடுப்பு என்றே சொல்லலாம், எமது வீடுகளுக்குத் தேவையில்லை. இந்த எண்களைப் பாடமாக்க வேண்டியதில்லை. புதியது என்பதால் சத்தம் குறைவு என்றோ, விலை கூடியது என்பதால் சத்தம் குறைவு என்றோ நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதினேன்.

சாதாரண முழு எச்டி மொனிட்டரில் விளையாடும் பிள்ளைக்கு 115 முதல் 160 வோட்ஸ் வரையான ஒரு கார்ட் தாராளமாகப் போதும். சத்தம்தான் முதல் கவலை என்றால் நான் 4060 ஐச் சொல்வேன். அதில் ஒரு குறை, நினைவகம் 8 ஜிபி மட்டுமே. சில புதிய கேம்களில் படத்தின் தரத்தை ஒரு படி குறைக்க வேண்டி வரும். காசு கொஞ்சம் இழுபடுமானால் 16 ஜிபி உள்ள 9060 எக்ஸ்டி கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும்.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பழைய கொம்பியூட்டரை வாங்கி அதில் கார்ட் பூட்ட நினைப்பவர்களும் உள்ளனர். அவற்றின் பவர் சப்ளை சிறியது. அதற்கு 2024 இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி கார்ட் பொருந்தும். 70 வோட்ஸ்தான், பெரும்பாலானவற்றுக்குத் தனியாக மின் வயர் கொடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் கவனம்: அதே 3050 என்ற பெயரில் 130 வோட்ஸ் எடுக்கும் 8 ஜிபி கார்ட்டும் உண்டு. பெட்டியில் 6 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட் அந்தப் பெட்டிக்குள் நீளத்திலும் உயரத்திலும் அடங்குமா என்று அளந்தும் பாருங்கள்.

இனி, ஒரே பெயருள்ள கார்ட் எல்லாம் ஒரே சத்தம் போடுவதில்லை. சில்லைச் செய்பவர் ஒருவர். தகடும் விசிறியும் பூட்டி விற்பவர்கள் வேறு பலர். சின்ன விசிறியால் அவசரமாக விசிறுவதும், பெரிய பனையோலை விசிறியால் ஆறுதலாக விசிறுவதும் ஒரே காற்றைத்தான் தருகின்றன. சத்தம் மட்டும் வேறு. ஆகவே ஒற்றை விசிறியுள்ள குட்டைக் கார்ட்டைத் தவிர்த்து, இரண்டு பெரிய விசிறிகளும் தடித்த தகடு அடுக்கும் உள்ளதை எடுங்கள். கையில் தூக்கினால் பாரம் தெரிய வேண்டும். 115 வோட்ஸ் கார்ட்டுக்கு மூன்று விசிறியும் வண்ண விளக்குகளும் அவசியமே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல பவர் சப்ளை ஒன்று வாங்கலாம். வேலை இல்லாதபோது விசிறி நிற்குமா என்பதையும் கேளுங்கள். அதே கொம்பியூட்டரில் தங்கச்சி பாடக் குறிப்பு வாசிக்கும்போது, கார்ட்டில் விசிறிச் சத்தமே இருக்காது.

கடைக்குப் போகும்போது நடப்பது ஒன்றையும் சொல்ல வேண்டும். விற்பனையாளர் பிள்ளையுடன் மட்டுமே கதைப்பார். தாய் ஒரு கதிரையில் அமர்ந்து கைப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பார். பில் போடும்போது மட்டும் அவரைப் பார்ப்பார்கள். எமது குழுவிலுள்ள ஒருவர் இப்படி இருந்துவிட்டு, கடைசி நேரத்தில் எழும்பி, "தம்பி, இது எத்தனை வோட்ஸ்?" என்று கேட்டிருக்கிறார். பையன் பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினானாம். பிறகு உள்ளேயிருந்து வேறொரு கார்ட் வந்தது, விலையும் குறைவு. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் காசை எண்ணிக் கொடுப்பவர்களாக மட்டும் இருந்துவிட்டு, எதை வாங்குவது என்ற தீர்மானத்தைப் பிறரிடம் விட்டுவிடுவதை நான் பல விடயங்களில் காண்கிறேன். கொம்பியூட்டர் அதற்கு விதிவிலக்கல்ல.

மின்சாரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 250 வோட்ஸ் கார்ட்டுக்கும் 115 வோட்ஸ் கார்ட்டுக்கும் வித்தியாசம் 135. நாளுக்கு 4 மணித்தியாலம் விளையாடினால் 30 நாளில் ஏறக்குறைய 16 அலகு. அலகு கூடக்கூடக் கட்டணப் படியும் மாறும் என்பது பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

வெளிநாட்டவர்கள் கார்ட்களைச் சோதித்து, இத்தனை டெசிபல் சத்தம் என்று எழுதுவதைப் பிள்ளைகள் காட்டக்கூடும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதை வைத்து அதை வாசிக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவர்கள் சோதிப்பது 22 பாகை அளவிலான குளிர்ந்த அறைகளில். எமது சீற்றுக் கூரை வீட்டுக்குள் சித்திரை வைகாசியில் 34 பாகை சாதாரணம். அறை 12 பாகை சூடாக இருந்தால் கார்ட்டும் ஏறக்குறைய அவ்வளவு சூடாகும்; அதைத் தணிக்க விசிறி கூடுதலாகச் சுற்றும். அங்கே அமைதியாக இருந்த கார்ட் இங்கே கொஞ்சம் கதைக்கும் என்று எதிர்பாருங்கள். கொம்பியூட்டரை அலுமாரிக்குள் வைத்து மூட வேண்டாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். நாங்கள் ஆசையாகப் பூவேலை செய்து போடும் துணி உறையை, அது ஓடும் நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பாவித்த கார்ட் வாங்குவதாயின் இன்னொரு விடயம். ஈதரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை இந்தக் கார்ட்களால் தோண்டும் முறை 2022 செப்டெம்பரில் நின்றுபோனது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்ட்கள் ஏராளமாகப் பாவித்த பொருட்களின் சந்தைக்கு வந்தன. சில்லு நன்றாக இருந்தாலும் விசிறி தேய்ந்திருக்கும், கடகடவென்று அடிக்கும். கடையிலேயே ஒரு கேமைப் போட்டு இருபது நிமிடம் ஓடவிட்டுக் கேளுங்கள். சில்வண்டு போல மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்டால் அது விசிறியிலிருந்து வருவதல்ல, கார்ட்டின் மின் சுருளிலிருந்து வருவது. துடைத்தாலும் போகாது. அதை வாங்காமல் விட்டுவிடுங்கள்.

வாங்கிய பிறகு காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைப் பிள்ளையிடமே பொறுப்புக் கொடுங்கள். பல மொனிட்டர்கள் விநாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கட்டுப்பாடு வைக்காவிட்டால் கார்ட் 150, 200 என்று வரைந்து, காட்ட முடியாததை எல்லாம் வீணாக்கும். அந்த வீண் வேலைதான் சூடும் சத்தமும். கேமின் செட்டிங்ஸில் 60 என்று எல்லை போட்டால் உறுமல் அடங்குவதைக் காதால் கேட்கலாம். எம்எஸ்ஐ ஆப்டர்பேர்னர் என்ற இலவச மென்பொருளால் மின்சார எல்லையை 80 வீதம் அளவுக்குக் குறைக்கவும் முடியும், பல கார்ட்களில். வேகத்தில் குறைவது மிகச் சிறிதளவே. விளையாடுகிறவனுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இந்த எல்லையோடுதான் விளையாட வேண்டும் என்று வீட்டில் ஒரு ஒழுங்கு வையுங்கள். விளையாடக் கூடாது என்று சண்டை பிடிப்பதைவிட இதற்குப் பிள்ளைகள் இணங்குவார்கள்.

பில்லையும் பெட்டியையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை எறிய வேண்டாம். சோளகக் காற்றுத் தொடங்கினால் புழுதி தகடுகளுக்குள் போய் அடைக்கும். அடைத்தால் எந்த நல்ல கார்ட்டும் இரையத் தொடங்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். காற்று அடித்துத் துப்புரவாக்குவதாயின் விசிறி சுற்றாதபடி அதை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.